கடைசி நாலு ஆட்டம்

வில் பிளாட், லூயிசியானா
16 ஜனவரி 1996

மச்சான் க்ளோவிஸுக்கு,

நூமா எழுதுவது. அந்த டோலிடோ பனிக்குள் நீயும் ஒடீலியா அக்காவும் உறைந்துபோகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சௌக்கியம். நானும் சௌக்கியம். இடது முழங்கால் மட்டும் காலையில் எழுந்ததும் கொஞ்சம் முறைத்துக்கொள்கிறது, பத்து மணிக்கு மேல் சமாதானம் ஆகிவிடுகிறது.

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ஆபீஸ்ல ஆளுங்க இருக்காங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வந்தபாடில்லை. அதனால்தான் காகிதத்தைப் பிடித்திருக்கிறேன்.

நேற்று பூடான் தொத்திறைச்சி வாங்கப் போனேன். கடைக்காரன் ஆல்ஃபோன்ஸ் வெறும் தொத்திறைச்சியை மட்டுமா கொடுப்பான்? "ஏண்டா நூமா, முதல் பன்னெண்டு ஆட்டத்துல எட்டரை சாய்ப்பு, கடைசி நாலு ஆட்டத்துல ஒண்ணுமே இல்ல. பனியில கை விறைச்சுப் போச்சா?" என்றான். கடையில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற கிழவி, "அதென்னடா அரை? இடுப்பு வரைக்கும் சாய்ச்சியா?" என்று கேட்டாள். எதிரணியில் பந்தை எறிகிறவன்தான் எறிகாரன், எறியும் முன்பே அவனைப் பந்தோடு தரையில் சாய்த்தால் ஒன்று, இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்கு அரை என்று விளக்கிவிட்டு வந்தேன். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

பதின்மூன்றாவது ஆட்டத்திலிருந்து கோச் பக்னர் என்னை எறிகாரன்மேல் பாயவிடவில்லை. "நீ பின்னால போய்க் காவல் பாரு, நூமா. காலுக்கும் கொஞ்சம் ஓய்வு" என்றார். எட்டு வருஷமாக ஃபுட்பாலில் எனக்குச் சம்பளம் பாய்வதற்குத்தான். காவலுக்கு வேறு ஆள் இருக்கிறான். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது: என் முதல் அடி மெதுவாகிவிட்டது, அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்கு மனசில்லை.

ஏஜென்ட் டாட்சன் வேறு மாதிரிப் பேசுகிறான். பத்து சாய்ப்பு ஆகியிருந்தால் சம்பளத்துக்கு மேல் நாலு லட்சம் டாலர் நம் கிளப் தரவேண்டும். "அதுக்காகத்தான் உன்ன நிறுத்தி வெச்சாங்க" என்கிறான். அவனை அதட்டி உட்காரவைத்தேன். அந்த நாலில் மூன்றில் நாம் தோற்றோம். காசை மிச்சம் பிடிக்கத் தோற்கிற கிளப் உண்டா? என் தோள் மூட்டு இறங்கிய அன்று ஆம்புலன்ஸில் என்னோடு வந்தவர் பக்னர். அவர் அப்படிச் செய்ய மாட்டார்.

டாக்டர் லாண்ட்ரி முழங்காலைப் பார்த்தார். "வேகம் குறஞ்சிருந்தா திறந்து சுத்தம் பண்ணலாம். குறையலன்னா தொடாத. முப்பது வயசு முழங்காலத் திறந்தா அது பழையபடி மூடும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றார்.

கிளப்பில் நீ ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆட்டத்தின் படத்தையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவன். நான் மெதுவாகிவிட்டேனா இல்லையா? ஒரே வார்த்தை போதும். அதை வைத்துத்தான் கத்தி வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

அக்காவுக்கு அம்மாவின் முத்தம்.

உன் நூமா

*

டோலிடோ
9 பிப்ரவரி 1996

அன்புள்ள நூமா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மா நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள், ஆட்டங்கள் முடிந்த பிறகுதான் எங்களுக்கு வேலை அதிகம்.

இங்கே முழங்கால் அளவு பனி. ஒடீலியாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் முறை கிடைத்துவிட்டது. சமையலறைக்கு மஞ்சள் வண்ணம் அடித்தோம், அவள் நினைத்த மஞ்சள் இல்லையாம், மறுபடி அடிக்கவேண்டும். என் வண்டியை நிறுத்த எனக்கென்று ஓர் இடம் ஒதுக்கி, பலகையில் என் பெயரும் எழுதியிருக்கிறார்கள். நெல் ஆலையில் மூட்டை தூக்கியவனுக்கு நீ வாங்கிக் கொடுத்த வேலை இது. நான் மறக்கவில்லை.

படங்கள் எல்லாம் மேலே மேனேஜர் மிஸ்டர் ஸ்ட்ராட்டனின் அறையில் இருக்கின்றன. நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு என் வணக்கம். குளிரில் அலையாதே.

அன்புடன்,
க்ளோவிஸ்

*

வில் பிளாட்
23 பிப்ரவரி 1996

மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்கா நினைத்த மஞ்சள் உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை, சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். அம்மாவுக்கு லேசான சளி, மற்றபடி குறையில்லை.

செவ்வாய்க்கிழமை மார்டி கிரா திருவிழா. குதிரை ஏறி வீடு வீடாகப் போய்க் கோழி துரத்தினோம். சேற்றில் மூன்று கோழிகளை நான்தான் பிடித்தேன். அப்போது கால் நன்றாகத்தான் ஓடியது. ஆனால் கோழி வேறு, ஆட்டம் வேறு.

மறுநாளே டாட்சன் ஒரு காகிதம் அனுப்பினான், கிளப் அவனுக்குக் கொடுத்தது. என் பெயர், வயது முப்பது, சம்பளம் இருபத்துநாலு லட்சம். கீழே பதினாறு ஆட்டமும் வரிசையாக. கடைசி நாலுக்கு எதிரே சைபர், சைபர், சைபர், சைபர். ஒரு சாய்ப்புக்கு ஆன செலவு இரண்டு லட்சத்து எண்பத்திரண்டாயிரம் டாலராம். அந்த விலைக்கு எறிகாரனையே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து சோபாவில் சாய்க்கலாம் என்று டாட்சனிடம் சொன்னேன், அவன் சிரிக்கவில்லை. அடியில் ஒரு வரி: "முதல் அடியில் வேகக் குறைவு தெரிகிறது." பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொள், இல்லையென்றால் போ என்கிறார்கள்.

அதை யார் தயாரித்தது என்று நான் கேட்கப்போவதில்லை. படம் பார்க்கிற அந்த அறையில் ஐந்து பேர் இருக்கிறீர்கள், அவரவர்க்கு அவரவர் வேலை. எனக்கு என் கேள்விதான். பணம் பாதியாகப் போனாலும் பரவாயில்லை க்ளோவிஸ், இன்னும் இரண்டு வருஷம் ஆடவேண்டும். அந்த வரி உண்மையா? டாக்டர் லாண்ட்ரி மார்ச் பதினெட்டாம் தேதி கொடுத்திருக்கிறார். உண்மையில்லை என்றால் அதை ரத்து செய்துவிடுவேன்.

நீ சொன்னால் நம்புவேன். வேறு யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

நூமா

*

[தபாலில் சேர்க்காத கடிதம்]

டோலிடோ
3 மார்ச் 1996

நூமா,

கத்தி வைக்காதே. முதலில் அதைப் படித்துவிடு, மற்றதைப் பிறகு படி.

நீ மெதுவாகவில்லை. செப்டம்பரிலும் நவம்பர் கடைசியிலும் உன் முதல் மூன்று அடியை அளந்தேன். இம்மியும் மாறவில்லை. முதல் பன்னிரண்டு ஆட்டத்தில் ஆட்டத்துக்கு இருபத்தாறு தடவை உன்னைப் பாயவிட்டார்கள். கடைசி நாலில் ஐந்து தடவை, நாலு, ஆறு, மூன்று. பாயாதவன் யாரைச் சாய்ப்பான்? டாட்சன் சொன்னதுதான் சரி. பக்னருக்கு மேலிருந்து உத்தரவு. ஜனவரியில் நடக்கும் இறுதிச் சுற்றுக்குப் போகும் வாய்ப்பு பன்னிரண்டாவது ஆட்டத்தோடு போய்விட்டது. இனி ஜெயித்து என்ன, தோற்று என்ன, நாலு லட்சத்தையாவது மிச்சம் பிடிப்போம் என்று ஸ்ட்ராட்டன் முடிவெடுத்தார்.

அந்தக் காகிதத்தை நான்தான் தயாரித்தேன். எத்தனை தடவை பாய்ந்தாய் என்று சாய்ப்புக்குப் பக்கத்தில் ஒரு வரிசை போட்டிருந்தேன். அதைப் பார்த்தால் சின்னப்பிள்ளைக்கும் விஷயம் புரியும். ஸ்ட்ராட்டன் பார்த்துவிட்டு, "இந்த வரிசை எதுக்கு க்ளோவிஸ்? பக்கம் நெருக்கமா இருக்கு, எடுத்துரு" என்றார். எடுத்தேன். வேகக் குறைவு என்ற வரியை அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். வண்டி நிறுத்தும் இடம் அடுத்த வாரம் வந்தது.

இது மூன்று பேருக்குத்தான் தெரியும். உனக்குத் தெரிந்தால் டாட்சன் வழக்குப் போடுவான். போட்டால் யார் சொன்னது என்று அவர்கள் ஒரு நிமிஷம்கூடத் தேடவேண்டியிருக்காது. எனக்கு வயது முப்பத்து மூன்று. மறுபடி நெல் ஆலைக்குப் போகப் பயமாக இருக்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை, பயம்தான். உன்னிடம் அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கத்தி மட்டும் வேண்டாம்

*

டோலிடோ
4 மார்ச் 1996

அன்புள்ள நூமா,

நலம். நலமறிய ஆவல். அம்மாவின் சளி இப்போது எப்படி இருக்கிறது? எலுமிச்சையும் தேனும் கொடுக்கச் சொல்கிறாள் ஒடீலியா.

சமையலறைக்கு இரண்டாவது மஞ்சளும் சரியாக வரவில்லை. இப்போது வெள்ளை.

சம்பள விஷயத்தில் டாட்சன் சொல்கிறபடி செய். உடம்பு விஷயத்தில் டாக்டர்களுக்குத்தான் தெரியும், நான் என்ன சொல்ல?

எல்லாம் நல்லபடி நடக்கும்.

அன்புடன்,
க்ளோவிஸ்

*

வில் பிளாட்
12 மார்ச் 1996

மச்சான்,

அம்மாவுக்குச் சளி விட்டுவிட்டது. எலுமிச்சையும் தேனும் வேண்டாமாம், கொஞ்சம் விஸ்கிதான் கேட்டது.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். எளவு, சமையலறைச் சுவர் பற்றி இரண்டு வரி இருக்கிறது. நான் கேட்டதற்கு மட்டும் ஒன்றும் இல்லை.

பரவாயில்லை. புரிந்துகொண்டேன். படம் பார்க்கிறவர்கள் பழக்கம் எனக்குத் தெரியாதா? நன்றாக ஆடுகிறவனை நடைவழியில் நிறுத்தி, அந்த ஆட்டம், இந்த ஆட்டம் என்று கைதட்டிப் பேசுவார்கள். முடிந்துபோனவனிடம் வானிலை விசாரிப்பார்கள். போன வருஷம் எங்கள் ஓரக்காவல்காரன் ஃபிப்ஸிடம் ஒரு வாரம் முழுக்க மழையைப் பற்றியே பேசினீர்கள். வெள்ளிக்கிழமை அவனை அனுப்பிவிட்டார்கள். நீ என்னிடம் சுவரைப் பற்றிப் பேசுகிறாய்.

வேகம் இருக்கிறது என்றால் இந்நேரம் நீ போன் போட்டுக் கத்தியிருப்பாய். இல்லை என்று என்னிடம் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் இடத்தில் நீ இருந்தால் நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

பாதிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பதினெட்டாம் தேதி காலை ஏழு மணிக்கு லஃபயெத் ஆஸ்பத்திரி. அம்மா ஜெபமாலையோடு இப்போதே தயார்.

நூமா

*

டோலிடோ
2 ஏப்ரல் 1996

என் செல்லத் தம்பி நூமாவுக்கு,

அக்கா எழுதுகிறேன். கட்டு பிரித்தார்களா? வீக்கம் வடிந்ததா? காலை மடக்கச் சொன்னால் வலித்தாலும் மடக்கு, நான் நர்சாகச் சொல்கிறேன், அக்காவாக இல்லை. அம்மா கொடுக்கிற எல்லாவற்றையும் தின்னாதே, உட்கார்ந்த இடத்தில் ஊதிவிடுவாய்.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை. நீ மார்ச்சில் எழுதிய கடிதம் பத்தொன்பதாம் தேதி வந்தது. அவர் நின்றபடியே படித்தார். அன்று என்ன தேதி என்பதையே மறந்தவர்போல உடனே போனை எடுத்து, "லஃபயெத் ஆஸ்பத்திரி நம்பர் என்ன? சீக்கிரம் சொல்லு, சீக்கிரம்!" என்று கத்தினார். "நேத்தே முடிஞ்சுதே, அம்மா சொன்னாங்களே, நான் உங்ககிட்ட சொல்லலையா?" என்றேன். போனைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, அவனுக்குத் தைரியம் சொல்லலாம்னு நெனச்சேன்" என்றார்.

அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. உன்மேல் அவருக்கு எவ்வளவு பாசம் பார்.

பதில் போடு. வாரா வாரம் போடு.

உன் ஒடீலியா அக்கா

*

வில் பிளாட்
6 ஜூன் 1996

மச்சான் க்ளோவிஸுக்கு,

இரண்டு மாதமாக எழுதவில்லை, எழுத நல்ல சேதி ஏதும் இல்லை. அம்மா நலம். நீ சாப்பிடுவதில்லை என்று அக்கா எழுதினாள். சாப்பிடு. என் முழங்காலுக்காக நீ பட்டினி கிடந்தால் அது மடங்கிவிடுமா?

உள்ளே சீழ் பிடித்தது. ஏப்ரல் கடைசியில் மறுபடி திறந்தார்கள். இப்போது முக்கால்வாசிதான் மடங்குகிறது. காலையில் நெல்வயல் வரப்பில் ஓடுகிறேன். ஓடுகிறேன் என்று நான் சொல்கிறேன். நண்டு பிடிக்க வலை போடுகிற ஆள் ஒருவன், "எங்க போறீங்க நூமா, வண்டில ஏறிக்கங்க, விட்டுட்டுப் போறேன்" என்றான். அவன் வேடிக்கைக்குச் சொல்லவில்லை, அதுதான் வருத்தம்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எத்தனையோ பேர் என்னிடம் "உனக்கென்னடா, புலி மாதிரி இருக்க" என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. இல்லாத வேகத்தை இருக்கிறது என்று எழுதாமல் இருந்தாய். அதற்கு நன்றி.

ஜூலையில் பயிற்சி முகாமில் பார்ப்போம்.

நூமா

*

டோலிடோ
30 ஜூன் 1996

அன்புள்ள நூமா,

உன் கடிதம் கண்டேன். அம்மாவின் நலமறிந்து மகிழ்ச்சி.

இத்துடன் ஒரு தைலம் அனுப்பியிருக்கிறேன். இங்கே விளையாடுகிறவர்கள் பயன்படுத்துவது. இரண்டு வேளை தடவு.

எனக்கு நன்றி சொல்லாதே.

க்ளோவிஸ்

*

வில் பிளாட்
29 ஆகஸ்ட் 1996

க்ளோவிஸ்,

அம்மா நலம். நான் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது.

முகாமில் ஐந்து வாரமும் நீ கோபுரத்தின்மேல் கேமராவோடு நின்றாய். ஒரு நாளும் நான் இருக்கும்போது கீழே இறங்கவில்லை. சாப்பாட்டையும் மேலேயே வரவழைத்துக்கொண்டாய். நான் மூச்சு வாங்கிக்கொண்டு கீழேயிருந்து கையாட்டுவேன், நீ கேமராவுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாய். நான் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இப்படி என்று நினைத்தேன். எவ்வளவு நல்லவன் என் மச்சான் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். நான் இரண்டாவது அடி வைப்பதற்குள் எறிகாரன் பந்தை எறிந்துவிட்டு நின்று என்னைப் பார்க்கிறான். அவன் முகத்தில் பரிதாபம். என்னைப் பார்த்துப் பயந்தவன் அவன்.

சனிக்கிழமை காலை கூப்பிட்டு, இனி நான் வேண்டாம் என்று சொன்னார்கள். என் சாமான்களைக் குப்பைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனேன். பக்னர் பின்னாலேயே வந்தார். கண் சிவந்திருந்தது.

"நூமா, போகாத, ஒரு நிமிஷம் இரு. உன் காலு போன வருஷம் நல்லாத்தாண்டா இருந்துச்சு. உன்ன நிறுத்தி வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு. அந்தப் பத்து ஆகிடக் கூடாதுன்னு" என்றார்.

நான் பையைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன் என்கிட்ட சொல்லல?"

"நான் சொல்ல வேணாம்னுதான் நெனச்சேன். உனக்குத்தான் தெரிஞ்சிருக்குமே. ஸ்ட்ராட்டனுக்கும் எனக்கும் அடுத்து தெரிஞ்ச ஒரே ஆளு உன் மச்சான்தானே. நீ எத்தன தடவ பாஞ்சேன்னு அவன்தான் ஒரு வரிசை போட்டுக் காட்டினான். அவரு எடுக்கச் சொன்னாரு, எடுத்துட்டான். நீ எதுக்குடா கால வெட்டிக்கிட்டேன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல."

எனக்குப் புரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆயிரம் மைல். எந்த ஊர் எந்த வழியாக வந்தேன் என்று ஞாபகம் இல்லை.

நாலு லட்சம் போகட்டும், பாதிச் சம்பளம் போகட்டும். உன் வேலைக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டாய் என்றால் அதையும் சகித்துக்கொள்வேன், நெல் ஆலை எப்படிப்பட்ட இடம் என்று எனக்கும் தெரியும். ஆனால் நான் கேட்டது அதையா? வேண்டாம் என்ற ஒரு வார்த்தை. காரணம் சொல்லியிருக்கவேண்டாம். யார் பெயரையும் சொல்லியிருக்கவேண்டாம். கத்தி வேண்டாம் நூமா என்று எழுதியிருந்தால் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டேன். நீ சொன்னால் நம்புவேன் என்று எழுதியிருந்தேனே, படிக்கவில்லையா? நல்ல காலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அதற்கு ஜூனில் உனக்கு நன்றி வேறு எழுதினேன்.

வேகக் குறைவு தெரிகிறது என்று பிப்ரவரியில் நீ எழுதியது பொய். இப்போது போய் முகாம் படத்தைப் போட்டு ஸ்டாப் வாட்சை வைத்துப் பார். நீ எழுதியதற்கு ஏற்றபடி என்னைச் செய்து வைத்துவிட்டாய். இனி அந்தக் காகிதத்தில் ஒரு குற்றமும் இல்லை.

அக்கா நேற்று போன் செய்தாள். "உன் மச்சானுக்கு உன்னப் பத்தின கவலையில தூக்கமே இல்லடா, நீயாவது அவருகிட்ட ரெண்டு வார்த்த ஆறுதலா பேசு" என்றாள். என் நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அன்று மாலையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவாள். ஆறு மாதம் முழுகாமல் இருக்கிறேன் என்று அவள்தான் சொன்னாள், நீ அதையும் எனக்கு எழுதவில்லை.

அதனால் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே வெயில் அதிகம் என்றேன். அம்மா வேலிக்குப் புதுச் சாயம் அடிக்கச் சொல்கிறாள் என்றேன். நீ எனக்குச் செய்ததை அப்படியே என் அக்காவுக்கு நான் செய்துகொண்டிருக்கிறேன், இனிமேலும் செய்வேன், உன்னால்.

நூமா